ஐந்துக்கு எத்தனை புள்ளி?

வாசிப்பு வட்டம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஒரு வியாதி வரும். எல்லாரும் எல்லாப் புத்தகத்துக்கும் நான்கு புள்ளி போடுவார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு சேர்" என்று பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் கிளம்பாது. போன அத்தியாயத்தில் புத்தகம் எங்கே கிடைக்கும், ஒரே பிரதியை எப்படிப் பத்து வீட்டுக்குச் சுற்றவிடுவது என்று பார்த்தோம். இந்த அத்தியாயம் வாசித்து முடித்த பின் நடக்க வேண்டியதைப் பற்றியது: கருத்தை எப்படிக் கேட்பது, புள்ளியை எப்படிப் போடுவது, போட்ட புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ராகலைக்கும் ஹட்டனுக்கும் பெரிய மாற்றம் தேவைப்படாது.

நம்முடைய ஆட்களுக்குக் கருத்துச் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாசியில் காமன் கூத்து நடக்கிற ஒரு தோட்டத்தில் போய் நின்று பாருங்கள். ரதி வேஷம் கட்டியவன் போன வருஷத்து ரதிக்குக் கிட்ட வருவானா, தப்பு எந்த இடத்தில் அடி தவறியது, எமன் வந்தபோது ஏன் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று விடிவதற்குள் லயத்து வாசலில் தீர்ப்பு வந்துவிடும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிதான் அதில் ஆகக் கடுமையான விமர்சகர். அதே ஆட்கள் புத்தகம் என்றதும் வாயை மூடிக்கொள்வதற்குப் பாடசாலைப் பழக்கமே காரணம். அங்கே ஒரு கதைக்குச் சரியான விடை ஒன்று உண்டு. அது டீச்சருக்குத் தெரியும். தவறாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்தப் பயத்தைக் கலைப்பதற்குத்தான் கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம்.

நாளும் இடமும்

போயா தினப் பிற்பகல்தான் சரியான நேரம். பாடசாலை இல்லை, கந்தோர் வேலைக்காரருக்கும் விடுமுறை, மதுக்கடைகளும் பூட்டு. இந்த மூன்றாவது காரணத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், ஆண்கள் வருவதில் அதற்குப் பங்கு உண்டு. அன்றைக்குத் தோட்டத்தில் வேலை வைத்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்துவிட வேண்டும். மலைக்கு மேலே மூடுபனி இறங்குகிற நேரத்தில் பெண்கள் வீட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கரட், லீக்ஸ் போட்டிருக்கிற வீட்டுத் தோட்டத்தையும் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இடத்துக்குப் பிள்ளை மடுவத்தைக் கேளுங்கள். விடுமுறை நாளில் அது சும்மாதான் கிடக்கும். கோயில் மண்டபம் வசதியானது, ஆனால் வேதக்காரக் குடும்பங்கள் தயங்கும். தொழிற்சங்கக் காரியாலயம் வேண்டவே வேண்டாம். ஒரு சங்கத்தின் கூரைக்குக் கீழே கூடினால் மற்றச் சங்கத்தார் எட்டிப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் அங்கே சொல்கிற கருத்து புத்தகத்தைப் பற்றியதாக இருக்காது.

கருத்துத் துண்டு

புத்தகத்துக்குள்ளேயே அரைப் பக்கக் கொப்பித் தாள் ஒன்றை மடித்து வைத்துக் கொடுங்கள். வாசித்து முடித்த அன்றிரவே நிரப்பச் சொல்லாதீர்கள். கடைசிப் பக்கத்தில் யாராவது செத்துப்போயிருந்தால் அந்தச் சாவுக்குத்தான் புள்ளி விழும். இரண்டு மூன்று நாள் போகட்டும். கொழுந்து எடுக்கும்போது எந்த இடம் தானாக ஞாபகத்துக்கு வருகிறதோ அதை எழுதட்டும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டாலோ பெயர்கள் மறந்து, "நல்லா இருந்துச்சு" மட்டும் மிஞ்சும்.

துண்டில் என்ன கேட்பது? கதைச் சுருக்கம் கேட்காதீர்கள். அது பரீட்சை. எங்கே வைத்து வாசித்தீர்கள், எத்தனை தடவையில் முடித்தீர்கள், எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது, எந்த இடத்தை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டத் தோன்றியது என்று கேளுங்கள். பிறகு ஒரு கேள்வி: இந்தப் புத்தகத்தை நம் தோட்டத்தில் யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்? என் அனுபவத்தில் முழுத் துண்டிலும் பயன்மிக்க வரி இதுதான். "நல்ல நாவல்" என்று எழுதத் தெரியாதவர்கூட "எங்க மாமாவுக்குக் குடுக்கலாம், கோவம் வந்தாலும் முடிக்காம வைக்க மாட்டாரு" என்று எழுதிவிடுவார். அதில் புத்தகத்தைப் பற்றிப் பாதி விஷயம் வந்துவிடுகிறது.

முடிக்காதவரும் துண்டு கொடுக்கலாம். 62ஆம் பக்கத்தில் நிறுத்தினேன் என்று எழுதுவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. நாள் முழுக்கக் கூடை சுமந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஒரு மணி நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுக்கிறவருக்கு, அந்த மணி நேரத்தைப் புத்தகம் வீணாக்கியது என்று சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் ஏன் நிறுத்தினார் என்று எழுத வேண்டும்; காரணம் எழுதாமல் புள்ளி மட்டும் போட விடாதீர்கள். எழுத முடியாதவர் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளட்டும், பேச்சு வழக்கைத் திருத்தாமல்.

புள்ளி கடைசியில்

எண்ணைத் துண்டின் அடியில் வையுங்கள். மேலே வைத்தால் முதலில் எண் விழுந்து, அதற்கு ஏற்றபடி காரணம் தேடப்படும்.

புள்ளியிடுவது ஒன்றும் இன்றைய கைப்பேசிக் காலத்துப் பழக்கம் இல்லை. 1915இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஓ'பிரையன் ஆண்டின் சிறந்த சிறுகதைகளைத் தொகுக்கத் தொடங்கியபோதே கதைகளுக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தரம் பிரித்தார். தமிழில் க.நா.சுப்ரமண்யம் எண் போடவில்லை, பட்டியல் போட்டார். 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு ஒரு நூலே எழுதினார். பட்டியலில் இடம் கிடைக்காதவர்களின் கோபம் அவரை விட்டுப் போகவே இல்லை. எண்ணோ பட்டியலோ, சண்டை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே தொடங்குங்கள்.

எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நம் ஊரில் விளக்குவது சுலபம். தொழிற்சாலையில் பிஓபி, பிஓபிஎஃப், பெக்கோ, டஸ்ட் என்று பிரிக்கிறார்களே, அது சல்லடையில் விழுந்த இலையின் அளவு. சாயத்தின் ருசியை அது சொல்லாது. ருசியைச் சொல்ல ஒருவர் வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்கு இன்றும் தரகர்கள் வாயில் வைத்துப் பார்த்துத்தான் மதிப்புச் சொல்கிறார்கள். ஒரே தோட்டத்து ஒரே ரகம், ஜனவரி தொடங்கி மார்ச் வரை காற்றும் பனியும் வெயிலுமாகக் காய்கிற வாரங்களில் ஒரு விலைக்கும், அடைமழையில் வேறொரு விலைக்கும் போகும். ஆகவே துண்டில் எண்ணோடு தேதியும் வாசித்த சூழ்நிலையும் இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சலாகக் கிடந்த வாரத்தில் போட்ட இரண்டும் சித்திரை விடுமுறையில் போட்ட இரண்டும் வேறு வேறு இரண்டுகள்.

முதல் கூட்டத்திலேயே எண்களுக்குப் பொருள் பேசி முடிவு செய்து சுவரில் ஒட்டுங்கள். நான் பரிந்துரைப்பது இது. ஒன்று: முடிக்க முடியவில்லை, முடித்தாலும் கோபம்தான் வந்தது. இரண்டு: சில பக்கங்கள் மட்டும் தேறும். மூன்று: வாசித்ததில் நஷ்டமில்லை. நான்கு: இன்னொருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன். ஐந்து: திரும்பவும் வாசிப்பேன், காசு இருந்தால் வாங்கி வைப்பேன். அரைப் புள்ளி வேண்டாம். மூன்றரை என்பது முடிவெடுக்கத் தயங்குகிறவரின் ஒளிவிடம். இப்படிப் பொருள் கட்டிவிட்டால் எல்லாவற்றுக்கும் நான்கு போடும் வியாதி பெருமளவு அடங்கிவிடும். நான்கு போட்டவரிடம் "யாரக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டால் போதும்.

சிறுவர்களுக்கு எண் வேண்டாம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' தமிழில் கிடைத்தால் கொடுங்கள். உப்பாலி, ஜின்னா இருவரில் யாரோடு தீவுக்குப் போவாய் என்று மட்டும் கேளுங்கள். கவிதை நூலுக்கும் மொத்தமாகப் புள்ளி போடுவது சரிவராது. சி.வி.வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பாலையா தமிழில் தந்த 'தேயிலைத் தோட்டத்திலே' போன்ற ஒன்றை எடுத்தால் ஆளுக்கு ஒரு பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். யார் எதைத் தெரிந்தெடுத்தார் என்பதே அவருடைய கருத்து.

யார் முதலில் பேசுவது

துண்டுகளைக் கூட்டத்துக்கு முன்பே மடித்து வாங்கிவிட வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு புள்ளி கேட்டால் எல்லாரும் சேரின் முகத்தைப் பார்ப்பார்கள். சேர் ஐந்து என்றால் ஐந்து. தலைவர் தலையாட்டினால் அதுவும் ஐந்து. எனவே வயதில் இளையவரும் படிப்பில் குறைந்தவரும் முதலில் பேசட்டும், ஆசிரியரும் தலைவரும் ஆகக் கடைசியில். மரியாதைக் குறைவு என்று சிலர் முணுமுணுப்பார்கள். பெரியவர்கள் பேசி முடித்த பிறகு சின்னவர்கள் எதிர்த்துச் சொல்வதுதான் மரியாதைக் குறைவு, அந்தச் சங்கடம் வராமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லிச் சமாளியுங்கள். உண்மையும் அதுதான்.

எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் ஆசை வரும். ஏ.எல். கணிதம் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் வரைபடமே போட்டுவிடும். தடுத்துவிடுங்கள். எட்டுப் பேர் ஒரு புத்தகத்துக்குத் தலைக்கு மூன்று போட்டார்கள், சராசரி 3. இன்னொரு புத்தகத்துக்கு நாலு பேர் ஐந்தும் நாலு பேர் ஒன்றும் போட்டார்கள், அதற்கும் சராசரி 3. முதல் புத்தகத்தைப் பற்றிப் பேசப் பத்து நிமிஷம் அதிகம். இரண்டாவதைப் பற்றிப் பேச அன்றைய பின்னேரம் போதாது. எனவே துண்டுகளைப் பிரித்ததும் ஆகக் கூடிய புள்ளியையும் ஆகக் குறைந்த புள்ளியையும் எடுங்கள். அந்த இருவரில் குறைத்துப் போட்டவர் முதலில் சொல்லட்டும். கூட்டிப் போட்டவர் முதலில் பேசிவிட்டால், குறைத்தவர் "அப்படிப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்று பின்வாங்கிவிடுவார்.

நம்ம கதை என்பதற்கு எத்தனை?

இதுதான் இந்த வேலையில் சிக்கலான இடம். மலையகப் புத்தகம் ஒன்று சுற்றுக்குப் போனால் இப்படி ஒரு பேச்சு வந்தே தீரும்:

"நீ எத்தன போட்ட புள்ள?"

"அஞ்சு போட்டேன் அத்தை."

"ஏன்?"

"நம்ம லயம் மாதிரியே இருந்துச்சு."

"நம்ம லயம் நமக்குத் தெரியும். அதுக்குப் புத்தகம் எதுக்கு?"

இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இருநூறு வருஷமாக நம்மைப் பற்றி மற்றவர்கள் கணக்கு எழுதினார்கள். பேர் போட்டார்கள், 1948இல் குடியுரிமையைப் பறித்து எழுதினார்கள், 1964 ஒப்பந்தத்தில் தலைகளை எண்ணி இரு நாட்டுக்கும் பங்கு வைத்தார்கள். நம் லயத்தை நம் பேச்சில் ஒருவர் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு வருகிற சந்தோஷத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் அத்தை கேட்பதும் இலக்கியத்தின் அடிப்படைக் கேள்வி. தெரிந்த லயத்தைக் காட்டி, தெரியாத ஒன்றைச் சொன்னதா அந்தப் புத்தகம்?

இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் இரண்டும் கெடும். ஆகவே மலையகப் படைப்புகளுக்கு இரண்டு புள்ளி வாங்குங்கள். ஒன்று 'நம்ம வாழ்க்கையைச் சரியாகச் சொன்னதா' என்பதற்கு. மற்றது 'கதையாக நின்றதா' என்பதற்கு. இப்படிப் பிரித்துப் போடச் சொன்னதும் பேச்சு திறந்துகொள்ளும். முதலாவதுக்கு ஐந்து, மற்றதுக்கு இரண்டு என்று விழுகிற புத்தகங்கள் நிறைய வரும், பயப்படாதீர்கள். சோகம் முழுவதையும் கொட்டிவிட்டு மனிதர்களை மறந்துவிட்ட புத்தகங்கள் நம்மிடம் குறைவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதைப் பழக நல்ல நூல்கள் உண்டு. என்.எஸ்.எம்.ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (1980), தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) ஆகிய இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் தொடங்குவதற்கு ஏற்றவை. ஒரு போயாவுக்கு ஒரு கதை போதும், முழுத் தொகுதியும் தேவையில்லை. ஜோசப்பின் 'மீன்கள்' கதையை எடுக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே யோசித்து எடுங்கள். ஒற்றை அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழும்புகிற நெருக்கடியைத் தொடும் கதை அது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிற கூட்டத்தில் தலை குனிந்துவிடும். பெண்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து சேர்ந்தால் நல்லது.

அடுத்து, வெளியிலிருந்து வந்தவர் எழுதிய புத்தகம் ஒன்றை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ வந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. தோட்டங்களில் வைத்தியராக இருந்த தி.ஞானசேகரன் 'குருதிமலை' எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'யை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். வால்பாறைக் கதைதான், ஆனால் கங்காணி, துரை, சீட்டுக் கடன் என்று வரும்போது நம் தாத்தா சொன்னதுபோல் இருக்கும். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்விட்ட சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் இந்தப் புத்தகம் நல்ல சண்டையைக் கிளப்பும். மருந்துக் காம்பராவின் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கும் வரிசையில் நிற்கிறவருக்கும் ஒரே தோட்டம் ஒரே மாதிரித் தெரியுமா? 'சரியாகச் சொன்னதா' என்ற முதல் புள்ளி இங்கே இறங்கி, 'கதையாக நின்றதா' என்ற இரண்டாம் புள்ளி ஏறக்கூடும். அப்படி ஏறினால் உங்கள் வட்டம் வாசிக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் எதிரில் இருந்தால்

மலையகத்தில் எழுத்தாளர் என்பவர் தூரத்து ஆள் அல்ல. யாருக்காவது மாமாவாகவோ, யாருக்காவது படிப்பித்த சேராகவோ இருப்பார். நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, பாராட்டிப் பேசி, முதற்பிரதி வாங்கி முடிப்பது நமக்குப் பழகிய முறை. அந்த விழா விழாவாகவே இருக்கட்டும். புத்தகம் விற்க அது வேண்டும். வட்டத்தில் அதே பேச்சு வேண்டாம்.

எழுத்தாளரை முதல் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். துண்டுகள் எழுதி, பேசி, சண்டை பிடித்து முடித்த பிறகு, அடுத்த போயாவுக்கு அழையுங்கள். பெயர்களை மறைத்துத் துண்டுகளை வாசித்துக் காட்டுங்கள்; புள்ளிகளைச் சொல்லாதீர்கள். எண் மனதைப் புண்படுத்துகிற அளவுக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. "மூன்றாவது அத்தியாயத்தில் கணக்கப்பிள்ளை எங்கே காணாமல் போனார்?" என்ற கேள்வியோ எழுதுகிறவரை வீடு வரை பின்தொடரும். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேத்தண்ணியும் றொட்டியும் கொடுத்து அனுப்புங்கள், துண்டுகளை மாற்றி எழுத வேண்டாம்.

துண்டுகள் சேர்ந்த பிறகு

எல்லாத் துண்டுகளையும் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றில் புத்தக வரிசைப்படி ஒட்டி வையுங்கள். கந்தப்பளை ஈரத்துக்குப் பசை பூஞ்சணம் பிடிக்கும், அதனால் நூலால் தைப்பது மேல். கொப்பியை மடுவத்தில் வைக்காமல் சுற்றுக்கு விடுங்கள். அடுத்து என்ன வாசிக்கலாம் என்று தேடுகிறவருக்கு, கொழும்பிலிருந்து வருகிற எந்தப் பத்திரிகை மதிப்புரையையும்விட, பக்கத்து லயத்துக்காரர் எழுதிய நாலு வரி நம்பிக்கை தரும்.

கொப்பிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவழிப்பதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போட்டோம், பாதையும் நூலகமும் நம் பக்கம் வரவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே பிரதேச சபைக்கு நூல் கேட்டு எழுதும்போது "எங்களுக்குப் புத்தகம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் யாரோ கழித்துவிட்ட பழைய வழிகாட்டி நூல்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். நான்கும் ஐந்தும் விழுந்த பத்து நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், எத்தனை பேர் வாசித்தார்கள், எத்தனை பேர் பிரதி இல்லாமல் காத்திருக்கிறார்கள் என்ற விவரம், கூடவே இரண்டு மூன்று துண்டுகளின் நிழற்பிரதி, இவற்றை இணைத்து உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கொடுங்கள். கடிதம் கிடைத்ததற்குத் தேதியோடு கையொப்பம் வாங்கி, அதையும் கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.